பதித்த பல்லுக்கும் பிரஷ் வேண்டும்

உப்பிலியபுரத்திலிருந்து துறையூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப்போய் தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் இம்ப்ளான்ட் பல் வைத்துக்கொண்டவர்கள் பலர், ‘செயற்கைப் பல்தானே, சொத்தை வராது’ என்று அலட்சியமாக இருக்கிறார்கள். சொத்தை வராதுதான். ஈறு வீங்குமே, எலும்பு கரையுமே!

1965-ல் ஸ்வீடனில் டாக்டர் பிரேன்மார்க் முதல் நோயாளிக்குப் பதித்த டைட்டானியத் திருகுகள் 40 ஆண்டுகள் உழைத்தன. திருகு ஏமாற்றுவது அபூர்வம். ஈறோரம் படியும் அழுக்குதான் பெரும்பாலும் வில்லன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். இடுக்குக்கென்றே குட்டி பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். ஈறும் பல்லும் சேருமிடத்தில் மெதுவாக உள்ளே விட்டு எடுக்க வேண்டும். குண்டூசி, ஈர்க்குச்சி கூடாது. செங்கல்பொடியும் கரித்தூளும் வேண்டவே வேண்டாம். துலக்கும்போது ரத்தம் கசிந்தால், வலியில்லை என்று பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் ஆபத்து அதிகம் என்கின்றன ஆய்வுகள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். பின்னாளில் திருகு தளர்ந்தால் வேறு டாக்டருக்கு அது தேவைப்படும்.