பல பக்க மருத்துவ ஆவணங்களை ஒரே கோப்பாகச் சேமிப்போம்

மூத்தோருக்கான கைத்தொலைபேசிப் பாடம்

மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது உங்களிடம் சில தாள்கள் தரப்படும். என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த மருந்துகளைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், அடுத்து எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் ஆகிய விவரங்கள் அவற்றில் இருக்கும். அடுத்து உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தத் தாள்கள் மிகவும் உதவும்.

பொது மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் செய்த பரிசோதனைகளின் முடிவுகள், சந்திப்பு நாள்கள் போன்ற பல விவரங்களை ஹெல்த்ஹப் செயலியில் காணலாம். ஆனால் இந்தியாவிலோ மலேசியாவிலோ சிகிச்சை பெற்றிருந்தால், அந்த அறிக்கை பெரும்பாலும் உங்கள் கையில் உள்ள தாளில் மட்டுமே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய அறிக்கைகளும் அப்படித்தான். அத்தகைய தாள்களை உங்கள் கைத்தொலைபேசியைக் கொண்டே ஒரு கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை, பணமும் செலவாகாது.

இந்தப் பாடத்தில் 'ஸ்கேன்' என்பது மருத்துவமனையில் உடலுக்குச் செய்யும் ஸ்கேன் அன்று. தாளைக் கைத்தொலைபேசியின் கேமராவால் படியெடுப்பதையே இங்கு அப்படிக் குறிப்பிடுகிறோம்.

ஏன் ஒரே கோப்பு?

பலர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஐந்து பக்க அறிக்கை ஐந்து படங்களாகிறது. பேரப்பிள்ளைகளின் படங்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் நடுவே அவை கலந்துவிடுகின்றன. பிறகு தேடும்போது நான்கு கிடைக்கும், ஒன்று கிடைக்காது.

கிடைக்காத அந்த ஒரு பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். எடுத்துக்காட்டாக, சிறுநீரகப் பாதிப்பு காரணமாக ஒரு வலி நிவாரணி மாத்திரையை மருத்துவர் நிறுத்தியிருக்கலாம். 'நிறுத்தப்பட்ட மருந்துகள்' என்ற பகுதி மூன்றாம் பக்கத்தில் இருந்து, அந்தப் பக்கம் விடுபட்டுப்போனால், முழங்கால் வலிக்காகப் பார்க்கும் வேறொரு மருத்துவர் அதே வகை மாத்திரையை மீண்டும் எழுதிக் கொடுக்கக்கூடும். ஒரு மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்ற குறிப்பு விடுபட்டாலும் ஆபத்துதான்.

எல்லாப் பக்கங்களும் வரிசையாக ஒரே பிடிஎஃப் கோப்பில் இருந்தால், அனுப்பும்போது எல்லாம் சேர்ந்தே போகும். மருத்துவரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தொடர்ந்து படிக்கலாம்.

ஸ்கேன் வசதி சாதாரணப் படத்தைவிட இன்னொரு வகையிலும் மேலானது. அது தாளின் நான்கு ஓரங்களையும் கண்டறிந்து, மேசையை வெட்டி நீக்கி, சாய்ந்திருக்கும் பக்கத்தை நேராக்கும். எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

தொடங்குமுன்

1. தாள்களை எண்ணுங்கள். பல அறிக்கைகளில் 'பக்கம் 1 / 5' என்று அச்சிட்டிருக்கும். ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்க எண் இல்லாவிட்டால், மூலையில் பென்சிலால் நீங்களே எண் இடுங்கள்.

2. ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் அச்சோ கையெழுத்துக் குறிப்போ இருந்தால் அதுவும் ஒரு பக்கமே.

3. ஸ்டேப்ளர் ஊசியைக் கவனமாக அகற்றுங்கள். மடிப்பு இருந்தால் தாளைக் கனமான புத்தகத்தின் அடியில் சிறிது நேரம் வையுங்கள்.

4. அடர் நிற மேசை அல்லது துணியின் மீது தாளை வையுங்கள். வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்தால் ஓரம் எங்கே என்று கைத்தொலைபேசிக்குத் தெரியாது.

5. பகலில் சன்னல் ஓரம் சிறந்த இடம். கூரை விளக்கின் நேர் கீழே நின்றால் உங்கள் நிழலே தாளில் விழும். பளபளப்பான தாளுக்கு ஃபிளாஷ் வேண்டாம். ஒளி பட்ட இடத்தில் எழுத்து மறைந்துவிடும்.

6. கேமராவின் கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள்.

முதல் பயிற்சிக்கு மருத்துவ அறிக்கை வேண்டாம். மின்கட்டண ரசீது போன்ற இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்து, ஒருமுறை செய்து பாருங்கள். கை பழகிய பிறகு முக்கியமான தாள்களுக்குச் செல்லலாம்.

ஐஃபோன் வைத்திருப்போர்

1. 'ஃபைல்ஸ்' செயலியைத் திறங்கள். நீல நிறக் கோப்புறை படம் கொண்டது அது. கீழே உள்ள 'பிரௌஸ்' என்பதைத் தொடுங்கள்.

2. திரையின் மேற்பகுதியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைத் தொட்டு, 'ஸ்கேன் டாக்குமெண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. கைத்தொலைபேசியைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். தாளின் மீது ஒரு நிறக் கட்டம் தோன்றும். சற்று நேரம் அசையாமல் இருந்தால் படம் தானாகவே பதிவாகும். பதிவாகாவிட்டால் வட்டப் பொத்தானை அழுத்துங்கள்.

4. முதல் பக்கத்தை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்தை அதே இடத்தில் வையுங்கள். செயலியை மூட வேண்டாம். எல்லாப் பக்கங்களும் முடியும்வரை இப்படியே தொடருங்கள்.

5. 'சேவ்' என்பதைத் தொட்டு, கோப்புக்குப் பெயரிட்டுச் சேமியுங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே பிடிஎஃப் கோப்பாகியிருக்கும்.

ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி வைத்திருப்போர்

1. 'கூகல் டிரைவ்' செயலியைத் திறங்கள். பல ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் அது ஏற்கெனவே இருக்கும்.

2. கீழே வலப்பக்கத்தில் உள்ள கேமரா படத்தைத் தொடுங்கள். அது தென்படாவிட்டால் கூட்டல் குறியைத் தொட்டு, 'ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. முதல் பக்கத்தை எடுங்கள். பிறகு அடுத்தடுத்த பக்கங்களைச் சேருங்கள். சில கைத்தொலைபேசிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட்டல் குறியைத் தொட வேண்டியிருக்கும்.

4. சேமிக்கும்போது பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்து, கோப்புக்குப் பெயரிடுங்கள். கோப்பு உங்கள் கூகல் கணக்கில் சேமிக்கப்படும்.

கைத்தொலைபேசியின் வகைக்கும் பதிப்புக்கும் ஏற்பப் பொத்தான்களின் இடம் சற்று மாறலாம். 'ஸ்கேன்' என்ற சொல்லைத் தேடினால் போதும்.

கை நடுங்கினால்: இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அல்லது தாளை நாற்காலியின் மீது வைத்துவிட்டு, நின்றபடி இரு கைகளாலும் கைத்தொலைபேசியைப் பிடியுங்கள். நிற்கும்போது தடுமாற்றம் உள்ளவர்கள் உட்கார்ந்தே செய்வது நல்லது.

சேமித்த பிறகு சரிபாருங்கள்

இதுவே பாடத்தின் மிக முக்கியமான பகுதி. கோப்பைத் திறந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள்.

• எண்ணிக்கை: பின்பக்கங்களையும் சேர்த்து ஐந்து பக்கங்கள் என்றால், கோப்பிலும் ஐந்து இருக்க வேண்டும்.

• வரிசை: பக்கங்கள் முன்பின் மாறியிருந்தால் முதலிலிருந்து மீண்டும் எடுப்பதே எளிது.

• ஓரங்கள்: வலது ஓரத்தில் ஒரு பத்தி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மருந்துப் பட்டியலில் அளவும் வேளையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

• புள்ளிகள்: இரண்டு விரல்களால் திரையை விரித்து மருந்தின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2.5 மில்லிகிராம் என்பதில் உள்ள புள்ளி தெரியாவிட்டால், படிப்பவருக்கு அது 25 மில்லிகிராம்! பத்து மடங்கு வேறுபாடு. புள்ளி தெளிவாக இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுங்கள்.

• நிறம்: 'கறுப்பு வெள்ளை' என்ற தேர்வு அச்செழுத்தைப் பளிச்சென்று காட்டும். ஆனால் மங்கலான பேனாக் குறிப்புகளையும் சிறு புள்ளிகளையும் அது அழித்துவிடக்கூடும். மருத்துவ ஆவணங்களுக்கு வண்ணத்திலேயே எடுப்பது பாதுகாப்பானது.

எக்ஸ்ரே படச்சுருளை இப்படிப் படியெடுத்து மருத்துவருக்கு அனுப்புவதால் பயன் குறைவு. நுண்ணிய விவரங்கள் அதில் தெரியா. எக்ஸ்ரே குறித்து எழுதிய அறிக்கையை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். படத்தை நேரில் எடுத்துச் செல்லுங்கள்.

ரசீதுகளைத் தள்ளிப்போட வேண்டாம்

சில மருந்தகங்களும் கடைகளும் தரும் வழவழப்பான ரசீதுகளில் மை இல்லை. வெப்பத்தால் எழுத்து பதியும் தாள் அது. நாளடைவில் எழுத்து மங்கிவிடும்; வெயில் படும் இடத்தில் வைத்தால் விரைவாக மங்கும். லேமினேட் செய்தால், அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப்போகும். காப்புறுதிக் கோரிக்கைக்கு ரசீது தேவைப்படலாம் என்றால், வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

பெயரிடுவது எப்படி?

கைத்தொலைபேசி தானாக வைக்கும் பெயரைக் கொண்டு பின்னர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியையும், பிறகு என்ன ஆவணம் என்பதையும் எழுதுங்கள். '2025-03-14 இதய அறிக்கை' என்பது நல்ல பெயர். ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கும்போது காலவரிசையிலேயே நிற்கும்.

கணவன், மனைவி இருவரின் கோப்புகளும் ஒரே கைத்தொலைபேசியில் இருந்தால் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடையாள அட்டை எண்ணைக் கோப்பின் பெயரில் எழுத வேண்டாம்.

அனுப்பும்போது கவனம்

• முதலில் மருந்தகத்தைக் கேளுங்கள். சில மருந்தகங்கள் மின்னஞ்சலில் பெறும். சில நேரில் கொண்டுவரச் சொல்லும். மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

• குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சிறிய எழுத்து மங்கலாகும். குடும்பக் குழுவில் போடாமல், தேவையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

• ஸ்கேன் செய்வதற்காக முன்பின் தெரியாத செயலிகளைப் பதிவிறக்கம் செய்ய வேண்டாம். யாராவது இணைப்பு அனுப்பி, 'இந்தச் செயலியைப் போடுங்கள்' என்றால் தொடாதீர்கள். மேலே சொன்ன வசதிகளே போதும்.

• அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் உங்களிடம் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். வங்கி மறைச்சொல்லைக் கேட்க மாட்டார்கள். ஐயம் ஏற்பட்டால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

• கைத்தொலைபேசிக்குத் திரைப்பூட்டு இருக்கட்டும். அது தொலைந்தாலும் மற்றவர் உங்கள் ஆவணங்களைப் பார்க்க முடியாது.

மூலத்தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்

ஸ்கேன் கோப்பு மூலத்தாளுக்கு மாற்றன்று, அதற்குத் துணை. காப்புறுதி நிறுவனம் மூலத்தைக் கேட்கலாம். தாள்களை எண் வரிசையில் மீண்டும் இணைத்து, ஓர் உறையில் போட்டு வையுங்கள். கோப்பின் பெயரையே உறையின் மீதும் எழுதினால் இரண்டையும் எளிதில் பொருத்திப் பார்க்கலாம்.

கோப்பு கைத்தொலைபேசியில் மட்டுமே இருந்தால், அது பழுதாகும்போது கோப்பும் போய்விடும். நீங்கள் நம்பும் பிள்ளை அல்லது பராமரிப்பாளர் ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். உங்களால் பேச முடியாத நிலையில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், உங்களுக்காக அதைக் காட்ட ஒருவர் வேண்டுமல்லவா?

உதவி வேண்டுமா?

பல சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி மின்னிலக்கச் சமூக நடுவங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உதவுகிறார்கள். உங்கள் கைத்தொலைபேசியையும் இரண்டு பக்கத் தாள் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் செய்து தருவதைவிட, அவர்கள் பார்க்க நீங்களே செய்வது நல்லது. அப்போதுதான் வீட்டில் தனியாகச் செய்ய வரும்.

மருந்தின் பெயரோ அளவோ தாளிலேயே புரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். உங்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.

நினைவில் கொள்ள

☐ பக்கங்களை எண்ணினேன், பின்பக்கங்களையும் பார்த்தேன்.
☐ எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தேன்.
☐ பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்தின் அளவும் புள்ளியும் தெளிவாக உள்ளன.
☐ தேதியுடன் பெயரிட்டேன்.
☐ நம்பிக்கையான ஒருவரிடம் பிரதி உள்ளது.
☐ மூலத்தாள்கள் உறையில் உள்ளன.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு முன் ஒரே ஓர் அறிக்கையை மட்டும் இப்படிச் சேமித்துப் பாருங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.