புண்ணாக்கு ஆடும் இலை தின்ற ஆடும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு கட்டி விற்பது எனக்குப் பக்கத் தொழில். கடை மாத்தளை டவுனில். ஆட்டுப் பட்டி அலுவிகாரையில், மிளகுத் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, எடை கூட வேண்டுமென்று தேங்காய்ப் புண்ணாக்கையும் சோளத்தையும் வாரி வாரிப் போட்டேன். தராசில் எடை ஏறத்தான் செய்தது. ஆனால் அறுத்துப் பார்த்தால் குண்டிக்காயைச் சுற்றியும் குடலோடும் வெள்ளைக் கட்டியாகக் கொழுப்பு! "நானா, இறைச்சிக்குத்தானே காசு தந்தேன்" என்றார் பழைய வாடிக்கையாளர். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஆட்டு வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் பயன்படும்.

வெள்ளாடு கொழுப்பை இறைச்சிக்குள் அதிகம் வைப்பதில்லை. வயிற்றுக்குள்ளேதான் சேமிக்கும். ஆகவே தேவைக்கு மேல் கொடுக்கும் தீவனம் நாம் விற்கும் சதையில் ஏறாமல், வீசப்படும் கட்டியில் ஏறுகிறது. புரதத்தைக் கூட்டினாலும் ஓர் அளவுதான். மிஞ்சியது யூரியாவாக மாறிச் சிறுநீரோடு போய்விடும். நம் காசும் அதோடு போகிறது.

இனி கொழுப்பின் தரம். கோழிக்கு என்ன எண்ணெய் கொடுக்கிறோமோ அது அதன் கொழுப்பில் பெரும்பாலும் அப்படியே தெரியும். ஆடு அப்படியல்ல. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இலையிலும் சோயாவிலும் உள்ள நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதியை அவை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. தேங்காய்ப் புண்ணாக்கில் தங்கும் எண்ணெயோ ஏற்கெனவே நிறைவுற்றது. நுண்ணுயிருக்கு அதில் மாற்ற ஒன்றுமில்லை. அதிலுள்ள லோரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் ஓரளவுக்கு ஆட்டின் கொழுப்பிலும் வந்து சேரும். இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை ஏற்றுபவை இவைதான். அதற்காகப் புண்ணாக்கைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதையே மூட்டை மூட்டையாகப் போடாதீர்கள் என்கிறேன்.

இலைத் தீவனம் வேறு மாதிரி. பச்சை இலையில் ஒமேகா 3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம் உண்டு. பலா இலை போன்றவற்றில் டனின் என்னும் துவர்ப்புப் பொருளும் இருக்கிறது. அது நுண்ணுயிர்களின் வேகத்தைக் கொஞ்சம் தணிப்பதால், நல்ல கொழுப்பில் ஒரு பங்கு தப்பி இறைச்சிக்குப் போகிறது. மீனோடு ஒப்பிட்டால் அது சொற்பம்தான். "இலை தின்ற ஆடு, கொலஸ்ட்ரோலே கிடையாது" என்று சொல்லி விற்பவர்கள் பொய் சொல்கிறார்கள். எல்லா இறைச்சியிலும் கொலஸ்ட்ரோல் உண்டு. தீவனத்தால் அது பெரிதாக மாறாது.

2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி தடைப்பட்டபோது சோயாப் புண்ணாக்கின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். நம் மாத்தளையில் மிளகுக் கொடி படரும் கிளிரிசீடியா மரம் இருக்கவே இருக்கிறது. நிழல் குறைக்க வெட்டும் கிளைகளை வீணாகப் போடுகிறோம். உலர்ந்த கணக்கில் அந்த இலையில் 20 வீதத்துக்கு மேல் புரதம் உண்டு; தேங்காய்ப் புண்ணாக்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்பில் இப்பில் இலையும் நல்லதுதான். ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு இருப்பதால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மயிர் உதிரும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று எதையும் போடவும் முடியாது. பிரித்தானியாவில் மாட்டுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கொடுத்ததால் பரவிய பைத்திய மாட்டு நோயை 1986 இல் கண்டுபிடித்தார்கள். 1988 இல் அத்தீவனத்தைத் தடுத்தார்கள். பூச்சிப் புரதத்தைக் கோழிக்கும் பன்றிக்கும் 2021 இல் அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், அசைபோடும் பிராணிகளுக்கு அனுமதிக்கவில்லை. கோழி எருவைத் தீவனத்தோடு கலப்பவர்களும் உண்டு. அசுத்தம் தின்னும் பிராணி பற்றி மார்க்கத்தில் சட்டம் இருக்கிறது, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் இலையை முக்கியமாக வைத்து, புண்ணாக்கைக் கையளவு மட்டும் கொடுக்கிறேன். எடை மெதுவாகத்தான் ஏறுகிறது. அதனால் ஆட்டை இரண்டு மாதத்துக்குப் பதில் ஐந்து மாதம் முன்னதாக வாங்கவேண்டியிருக்கிறது, முதல் அவ்வளவு நாள் முடங்குகிறது. கிளிரிசீடியா மணம் பழகாத ஆடு ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பும். வெட்டிய இலையை ஓர் இரவு வாடவிட்டு, மறுநாள் காலையில் வேறு இலையோடு கலந்து கட்டினால் தின்னும்.