வெளிநாட்டு விருந்தாளி வருகிறாரா?

மாமல்லபுரம் பார்க்க வரும் வெளிநாட்டு நண்பரை அணுபுரத்தில் தங்கவைக்கப் போகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

• பாஸ்போர்ட் இந்தியா வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். முத்திரை குத்த 2 வெற்றுப் பக்கங்களும் தேவை.

• இ-விசாவுக்கு அரசு இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும். அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது.

• ஓட்டல் மட்டுமல்ல, வீட்டில் தங்கவைப்பவரும் விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம்) இணையத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

• அணுபுரத்தில் அணுசக்தித் துறை குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், வெளிநாட்டவரைத் தங்கவைக்கலாமா என்று அழைக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

விருந்தாளி வந்த அன்றே, காபி கொடுத்த கையோடு படிவத்தையும் முடித்துவிடுங்கள்!