நம் பிள்ளையின்மேல் சோதனையா?



பிள்ளையின் தலையில் கட்டி என்று கேட்ட அதிர்ச்சி தீருமுன், டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டி, "சிகிச்சைப் பரிசோதனையில் சேர்க்கச் சம்மதமா?" என்று கேட்டால், எந்தத் தாய்தான் திடுக்கிடமாட்டாள்? என் பிள்ளை என்ன, ஆய்வுக்கூடத்து எலியா என்று மனம் கொதிக்கும். கொதிப்பது நியாயமே. ஆயினும் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

மெடுல்லோபிளாஸ்டோமா என்றொரு கட்டி உண்டு. பிள்ளைகளின் சிறுமூளையில் வளர்ந்து, முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரின் வழியே பரவக்கூடியது. 1925-ல் குஷிங், பெய்லி என்ற அமெரிக்க டாக்டர்கள் அதை விவரித்த காலத்தில், பிழைத்தவர் அபூர்வம். மூளைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சுக் கொடுக்கத் தொடங்கிய பிறகே பிள்ளைகள் பிழைத்தனர். ஆனால் பிழைத்த பிள்ளைகளில் பலருக்கு வளர்ச்சி குன்றிற்று, படிப்பு ஏறவில்லை. வயது குறையக் குறையச் சேதம் அதிகம்.

ஆகவே, நோய் பரவாத பிள்ளைகளுக்கு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, 36 கிரே என்றிருந்த கதிர்வீச்சை 23.4 கிரேயாகக் குறைத்துப் பார்த்தார்கள். 1999-லும் 2006-லும் வெளியான முடிவுகளின்படி, 5 ஆண்டு கழிந்தும் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் நோய் திரும்பாமல் இருந்தனர்.

இன்னும் குறைத்தால் என்ன? இரக்கமுள்ள எவரும் "குறையுங்கள்" என்றே சொல்வர். வட அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய பரிசோதனையில், 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 23.4 கிரேயும் மற்றதற்கு 18 கிரேயும் கொடுத்தனர். டாக்டரே பிரித்தால், தெம்புள்ள பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடலாம், அதனாலேயே சீட்டு. 2021-ல் முடிவு வெளிவந்தது. 5 ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர், முதற்பிரிவில் 100-க்கு 83 பேர். குறைத்துக் கொடுத்த பிரிவில் 71 பேர். அந்தப் பெற்றோரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் எது நல்லதென்று அன்று ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனை நடவாதிருந்தால், இரக்கத்தின் பேரால் 18 கிரேயே ஊரெங்கும் வழக்கமாகியிருக்கக்கூடும். அதே பரிசோதனையில் நல்ல செய்தியும் ஒன்று கிடைத்தது: கட்டிக்கென மிகையாகக் கொடுக்கும் கதிர்வீச்சைப் பின்மூளைப் பகுதி முழுவதற்கும் பரப்பாமல், கட்டியிருந்த இடத்தையொட்டி நிறுத்தினாலும் பலன் குறையவில்லை.

விஞ்ஞானம் வளரவேண்டுமென்ற காரணம் மட்டும் போதாது, நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-லேயே நரம்பியல் மருத்துவர் மாநாட்டினரிடம் எடுத்துரைத்தார். ஆகவே, கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: வழக்கமான வைத்தியம் எது? இதில் எது மாறுகிறது? "வேண்டாம்" என்றாலும், நடுவில் விலகினாலும், வழக்கமான வைத்தியம் நிற்கக்கூடாது. புரியாத காகிதத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால், அதற்கும் சொல்லி இசைவு கேட்கவேண்டுமென்பது நம் நாட்டு நெறிமுறை. ஊசி அதன் கையில்தானே ஏறுகிறது!