பாஸ் அவுட்: தேர்ச்சியா, மயக்கமா?



ஒரு ஆகஸ்ட் மாதம், துபாயில் வேலை பார்க்கும் என் அக்கா மகனின் அறைத்தோழர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: ‘ஹி பாஸ்ட் அவுட் அட் சைட்.’ அதைப் படித்த பெரியவர் ஒருவர் மவுத் செய்தி என்று நினைத்து இன்னாலில்லாஹி சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் தங்கையோ, அண்ணன் ஏதோ பரீட்சையில் பாஸ் என்றாள். இரண்டும் இல்லை, வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறான். மாலையில் அவனே போனில் பேசும்வரை அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. இறப்பதற்கு ‘பாஸ் அவே’. சிலர் ‘பாஸ் ஆன்’ என்றும் சொல்வார்கள். பின்னால் வரும் சின்னச் சொல்தான் பொருளை மாற்றுகிறது. ‘பாஸ் அவுட் த புக்ஸ்’ என்றால் புத்தகங்களை எல்லோருக்கும் கொடு என்று பொருள்.

அப்படியானால் நாம் ‘2022-ல் பாஸ் அவுட்’ என்கிறோமே, அது தவறா? முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ராணுவப் பயிற்சி முடிப்பதை ஆங்கிலேயரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் ‘பாஸிங் அவுட் பரேட்’தான். நம் நாட்டில் அதைக் கல்லூரிக்கும் சேர்த்துக்கொண்டோம். ஒரகடத்தில் இன்டர்வியூவுக்குப் போனால் இது எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் மட்டும் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாக யாராவது படிக்கக்கூடும்!

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. யாராவது மயங்கி விழுந்தால் அங்கே ஆம்புலன்ஸுக்கு 998, சவூதியில் 997. போனில் ‘பாஸ்ட் அவுட்’ என்பதோடு நிறுத்தாமல், மூச்சு இருந்தால் ‘ஹி இஸ் ப்ரீதிங்’ என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊருக்கு அனுப்பும் செய்தியிலும் அந்த ஒரு வரி இருக்கட்டும். முடிந்தால் தமிழிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் இவற்றைத் தமிழில் எழுதிப் பாருங்கள்:

‘ஷி பாஸ்ட் அவுட் இன் த பஸ்.’
‘ஹிஸ் கிராண்ட்ஃபாதர் பாஸ்ட் அவே லாஸ்ட் இயர்.’
‘ப்ளீஸ் பாஸ் அவுட் த கொஸ்டின் பேப்பர்ஸ்.’