நாகபூஷணி அம்பாளின் தீவும் அங்குள்ள கல்லெழுத்தும்

ஈழத்தின் வடபால், பாக்குக் கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் நயினாதீவு மிகச் சிறியவற்றுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீற்றர் மாத்திரமே. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் சிறிது நேரத்தில் சென்றடையலாம். அன்னை நாகபூஷணியைத் தரிசிக்க வன்னியிலிருந்தும் ஆண்டுதோறும் அடியார்கள் செல்கின்றனர். ஆனால் அவ்வாலயத்திலுள்ள பழைய சாசனக் கல் ஒன்றை நின்று பார்ப்போர் மிகச் சிலரே.

அது பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (கி.பி. 1153–1186) வெளியிட்ட கட்டளை. சிங்கள மன்னனின் ஆணையாயினும் அது தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அக்கடலில் வணிகம் செய்தோருக்கும் துறைகளில் வாழ்ந்தோருக்கும் விளங்கிய மொழி அதுவே.

சாசனம் கூறும் செய்தி இதுதான். பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

பாதியை அரசன் எடுத்துக்கொள்வது இன்று நமக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் உடைந்து கரையொதுங்கிய கப்பலின் பொருள் முழுவதையுமே மன்னர்கள் பறித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45இல் நாட்டிய அபய சாசனம், முன்னைய அரசர்கள் அவ்வாறு செய்ததை வெளிப்படையாகவே சொல்லி, வணிகருக்கு அஞ்சேல் என்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது நயினாதீவுக் கல். கடலில் எல்லாம் இழந்து கரையேறிய அந்நியனுக்கும் உரிமையுண்டு என்று இச்சிறு தீவிலே எழுதி வைத்தார்கள்.

யானைக்கும் குதிரைக்கும் ஏன் தனிச் சலுகை? இரண்டும் படைக்கு வேண்டியவை. வன்னிக் காட்டில் யானை நிறைந்திருக்க வெளியிலிருந்தும் யானை வந்ததா என்று கேட்கலாம். வந்திருக்கிறது. இராமஞ்ஞ தேசம் எனப்பட்ட பர்மாவின் அரசன் யானை வணிகத்தைத் தடுத்ததும் பராக்கிரமபாகு அங்கு கப்பற்படை அனுப்பியதற்கு ஒரு காரணம் எனச் சூளவம்சம் கூறும். பிற்காலத்தில், ஒல்லாந்தர் ஆட்சியில், வன்னியர் திறையாகச் செலுத்திய யானைகள் ஆனையிறவு கடந்து குடாநாட்டுக்குச் சென்று கப்பலேறின. நமது காடும் அக்கடல் வழியோடு தொடர்புடையதே.

நாகதீவம் என்னும் பெயர் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். வல்லிபுரத்தில் 1936இல் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு ‘நாகதீவ’ எனக் குறிப்பது குடாநாட்டையே என்பர் அறிஞர். பின்னர் அப்பெயரின் நினைவு இத்தீவிலே தங்கிற்று. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே எனக் கொள்வாரும் உளர், மறுப்பாரும் உளர். பௌத்தர்க்கும் இது புனித பூமி. நாகவிகாரை அம்மன் ஆலயத்துக்கு அணித்தாகவே உள்ளது.

அம்பாளை அர்ச்சிக்க வாயில் மலர் ஏந்திக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது என்றும், அவ்வழியே வந்த வணிகன் தன் செல்வமனைத்தையும் அம்பாளுக்கு அளிப்பதாக வாக்களித்து நாகத்தை மீட்டான் என்றும் ஐதீகம். இங்கும் கப்பலும் வணிகனும் அபயமும் வருவது கவனிக்கத்தக்கது. கல்லெழுத்தும் கதையும் ஒரே கடலிலிருந்து பிறந்தவை.

வன்னி மக்களுக்கு நாக வழிபாடு புதிதன்று. புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கல் நடைபெறுகின்றது. வயலிலும் காட்டிலும் பாம்போடு வாழும் உழவனும், கடலிலே போகும் மீனவனும் வணிகனும் ஒரே நாகத்தைத்தான் துணைக்கு அழைத்தார்கள்.

பழைய ஆலயம் 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. 1788இல் மீளக் கட்டப்பட்டது. 1958இலும் 1986இலும் மீண்டும் தாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஊரார் எடுத்துக் கட்டினர். மகோற்சவம் ஆனியில் வரும். அது சோளகம் வீசும் காலம். முற்காலத்தில் அரபுக் கடலிலிருந்து மரக்கலங்களைக் கிழக்கே தள்ளிவந்ததும் அதே பருவக்காற்றே. அலை புரளும் அந்நாட்களிலும் குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்போர் வரிசை குறைவதில்லை.