புல் வெட்டுற ரோபோவை இ.எம்.ஐ-ல வாங்கலாமா?

பெங்களூருல ஐ.டி வேலை பார்க்கிற என் சித்தப்பா பையன் போன வாரம் போன் பண்ணான். "அண்ணா, ஒயர் புதைக்காமலே தானா புல் வெட்டுற ரோபோ ஒண்ணு பார்த்திருக்கேன். நோ காஸ்ட் இ.எம்.ஐ இருக்கு. அப்பாவுக்கு வாங்கிடட்டுமா?"

வீடு திருவெண்ணெய்நல்லூர்ல. வாசல்ல ரெண்டு சென்ட் புல்தரை. சித்தப்பாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு வெட்ட முடியல. தம்பியோட மொத்தச் சேமிப்பு ஒன்றரை லட்சம். ரோபோ இடத்துல பைக், ஏசின்னு வச்சுப் பாருங்க, உங்கள்ல பல பேர் இதே நிலைமையிலதான் இருப்பீங்க.

முதல்ல மெஷின். பழைய மாடலுக்குத் தோட்டத்தைச் சுத்தி எல்லை ஒயர் பதிக்கணும். ஒயர் இல்லாத மாடல்கள்ல ஒரு வகை, வீட்டுல நட்ட ஆன்டெனா உதவியோட சாட்டிலைட் சிக்னலைத் திருத்தி, சில சென்டிமீட்டர் துல்லியத்துல தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அதுக்குத் திறந்த வானம் வேணும். சித்தப்பா வீட்டுலயோ ரெண்டு தென்னை, ஒரு மாமரம். அப்போ கேமரா அல்லது லைடார் வச்ச மாடல்தான் சரி. இன்னொண்ணு, இது வளர்ந்த புல்லை ஒரே நாள்ல வெட்டுற மெஷின் இல்ல. பிளேடு மாதிரி சின்னக் கத்திகளால அடிக்கடி நுனியை மட்டும் சீவும். ஐப்பசி மழைக்கு முழங்கால் உயரம் வளர்ந்துட்டா முதல்ல ஆள்தான் வெட்டணும். ரெண்டு சென்ட்ங்கிறது சுமார் 81 சதுர மீட்டர். சின்ன மாடல்களே பல நூறு சதுர மீட்டருக்குச் செஞ்சவை.

இப்போ கணக்கு. விலை 1,20,000 ரூபாய், ஆயுள் 6 வருஷம்னு வச்சுக்குவோம். வருஷத்துக்குத் தேய்மானம் 20,000. பிளேடு, பேட்டரிக்கு 3,000. முடங்குற பணம் சராசரியா 60,000, அதுக்கு 7% வட்டி இழப்பு 4,200. ஆக 27,200.

ஆள் வச்சா? அரை நாளுக்கு 600 ரூபாய்னு சித்தப்பா சொன்னார். மழைக்காலம் சேர்த்து 6 மாசம் ரெண்டு தடவை, மீதி 6 மாசம் ஒரு தடவை. மொத்தம் 18 தடவை, 10,800 ரூபாய். கோடையில புல் வளரலைன்னா ஆள் கூலியும் இல்ல. மெஷின் மட்டும் சும்மா நின்னாலும் தேயும்!

"நோ காஸ்ட்"தானேன்னு தம்பி விடல. 12 மாசம், மாசம் 10,000. உள்ளே வட்டி 15%னா, அது சுமார் 9,200. அதைக் கடைக்காரர் தள்ளுபடியாக் கழிச்சிடுவார், சரி. ஆனா கிரெடிட் கார்டு இ.எம்.ஐ-ன்னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 1,650, உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தமாக் கட்டினா கிடைக்கிற தள்ளுபடியும் பல சமயம் போயிடும்.

எங்க ஊர்ல ஓலைக் கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணப் பந்தல்ல சுந்தரர் கிழிச்சது நகல். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில வந்தது, அதுதான் கட்டுப்படுத்துச்சு. ஆப்ல பெரிய எழுத்துல வர்ற ஆஃபர் நகல்னு வச்சுக்கோங்க. மூலம், கீழே பொடி எழுத்துல இருக்கிற நிபந்தனைப் பக்கம்.

"டேக்ஸ்ல கழிக்கலாமா?"ன்னும் கேட்டான். முடியாதுப்பா. தொழிலுக்கு வாங்கினாத்தான் தேய்மானம் கழிக்கலாம். சம்பளக்காரர் வீட்டுக்கு வாங்கினா, வரி கட்டின பிறகு மிஞ்சற காசுலதான்.

பெரிய புல்தரை, வெட்ட ஆளே கிடைக்காத இடம்னா என் பதில் வேற. இங்கே வேண்டாம்னு சொன்னேன். அவன் சேமிப்பு நாலு மாசச் செலவுக்குக் கூட வராது. வேலை போனா ரோபோவை வித்து வாடகை கட்ட முடியாது. ஆள் கூலி மாசம் 900தான். அதை அவனே அனுப்பட்டும், சித்தப்பா குனிய வேண்டாம்.

சித்தப்பா போனை வாங்கி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "கோழிக்குஞ்சு குறுக்க வந்தா அது நிக்குமாப்பா?" ஜெர்மனியில கொலோன் நகரத்துல, முள்ளெலிங்க அடிபடுதுன்னு ராத்திரியில இந்த மெஷினை ஓட்டத் தடை போட்டிருக்காங்கன்னு சொன்னேன். "அப்போ தம்பிகிட்ட வேண்டாம்னு சொல்லிடு"ன்னார். நான் போட்ட கணக்கை அவர் கேட்கவே இல்ல.